இரட்டை முனை ரேசர்: எடையை விட்டுத் தலையைப் பாருங்கள்

இரண்டு பக்கமும் வெட்டும் பிளேடு மாட்டுகிற இந்த ரேசரை வாங்கப் போனால் எல்லோரும் முதலில் கையில் வைத்து எடையைத்தான் பார்க்கிறார்கள். கனமாக இருந்தால் நல்ல சாமான் என்று ஒரு நினைப்பு. பல வருஷமாக மூன்று வகை ரேசர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். என் முகத்துக்குத் தெரிந்த வித்தியாசம் எல்லாம் தலைப்பகுதியின் அமைப்பில்தான்.

பிளேடு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. நீளம் 43 மில்லிமீட்டர், அகலம் 22, தடிமன் வெறும் 0.1. ஜில்லெட் கம்பெனியைத் தொடங்கிய கிங் ஜில்லெட் 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியதும் இந்த மெல்லிய தகடு யோசனைக்குத்தான். தகடு தானாக விறைத்து நிற்காது, ரேசர்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும். எப்படிப் பிடிக்கிறது என்பதில் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. பிளேடு விளிம்புக்கும் அதன் கீழே உள்ள பாதுகாப்புக் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? மேல்மூடியிலிருந்து கம்பிக்கு ஒரு கோடு இழுத்தால் விளிம்பு அதைத் தாண்டி நீட்டுகிறதா, உள்ளே அடங்குகிறதா? இரண்டாவதுதான் முக்கியம் என்பேன்.

என் தினசரி ரேசர் ம்யூலே ஆர்89. விளிம்பு அடக்கமாக இருப்பதால், முடி குறுக்கே வளரும் கழுத்துப் பகுதியில்கூட எரிச்சல் இல்லை. அதே கம்பெனியின் ஆர்41-ல் கம்பிக்குப் பதில் சீப்பு மாதிரி பல் இருக்கும், படு முரட்டு ரேசர். பல் இருப்பதால் முரடு என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. நுரையும் நீண்ட முடியும் அடைக்காமல் பிளேடுக்குப் போவதற்குத்தான் பல். முரட்டுத்தனம் விளிம்பு நீட்டி நிற்பதால் வருவது. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போய் வந்த தாடியை எடுக்க இதுதான் சரி. தினமும் வேண்டாம்.

மூன்றாவது அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வைத்திருந்த பட்டாம்பூச்சி ரேசர். அடியில் திருகினால் மேலே இரண்டு கதவு திறக்கும். பிளேடை வைத்துத் திருகினால் வேலை முடிந்தது, அவ்வளவு சௌகரியம். ஆனால் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்குத்தான் இது லாயக்கு. பல்லடம் பக்கம் எங்கள் வீட்டில் போர்த் தண்ணீர், ஒரே உப்பு. கதவு மூட்டில் வெள்ளையாகப் படிந்துவிடும். அப்புறம் கதவு முழுசாக மூடாது, பிளேடும் ஒரு பக்கம் தளர்ந்து நிற்கும். வினிகர் தொட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால்தான் போகும். மூடி, தட்டு, கைப்பிடி என்று மூன்றாகக் கழல்கிற ரேசரில் இந்தத் தொல்லையே இல்லை. நல்ல தண்ணீரில் அலசித் துணியால் துடைத்தால் போதும். உப்புத் தண்ணீர் வீட்டுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்கலாம்.

உலோகத்தையும் பாருங்கள். மலிவு ரேசர்களில் துத்தநாகக் கலவைமேல் குரோம் பூச்சு. பூச்சு போனதும் மூடியின் திருகுத் தண்டு அரித்து, இறுக்கும்போது முறிகிறது. எனக்கு ஒன்று அப்படிப் போனது. பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் அந்தப் பயம் இல்லை.

பிளேடு மாட்டும்போது வெட்டாத இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு கைப்பிடியை இறுக்குங்கள். பிறகு வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் விளிம்பு ஒரே அளவு தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள்.