கோடை மழைக் கணக்குக்கு வானிலைத் துறையின் கட்டத் தரவு: ஒரு மதிப்புரை

மானாவாரி நிலத்தில் கோடை உழவுக்குப் போதிய மழை பத்தாண்டில் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கணக்கிட, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புணே அலுவலகம் இணையத்தில் இலவசமாகத் தரும் நாள் மழைத் தரவைப் பயன்படுத்தினேன். 1901 முதல் ஒவ்வொரு நாளுக்கும், அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் 0.25 பாகைக்கு ஒரு புள்ளி (அதாவது ஒரு கட்டம்) வீதம், நாடு முழுமைக்கும் மழையளவு இதில் உண்டு. 1981-இல்தான் தொடங்கும் 'சிர்ப்ஸ்' செயற்கைக்கோள் தரவு இதைவிட நுண்ணியது என்றாலும், இந்த நீளம் அதற்கு இல்லை.

ஆண்டுக்கு ஒன்றாக வரும் இருமக் கோப்புகளை எக்செலில் திறக்க முடியாது. 'ஐஎம்டிலிப்' என்ற பைத்தான் தொகுப்பு அந்த வேலையை எளிதாக்குகிறது. தேதியில்தான் நான் சறுக்கினேன். காலை 8.30 மணியுடன் முடியும் 24 மணி நேர மழையே அந்தத் தேதியில் பதிவாகிறது என்பதால், ஏப்ரல் 10 மாலை இடியுடன் பெய்த மழை 11-ஆம் தேதிக்குரிய மழையாக நிற்கும். இதைக் கவனிக்காமல் வெப்பநிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டு ஒரு வாரத்தை வீணாக்கியது என் பிழையே.

மாத, பருவ மொத்தங்களுக்கு இத்தரவு நம்பகமானது. மழை நாள்களின் அமைப்பு வேறு கதை. ஒரு கட்டம் ஏறத்தாழ 750 சதுர கிலோமீட்டர். கோடை இடிமழையோ ஓர் ஊரில் கொட்டிவிட்டு அடுத்த ஊரை எட்டிப் பார்க்காமல் போவது. சுற்றிலுமுள்ள மழைமானிகளின் அளவுகளைத் தொலைவுக்கேற்ப எடையிட்டுக் கட்டத்தின் மதிப்பு கணிக்கப்படுவதால், எடுத்துக்காட்டாக, ஒரு மானியில் 42 மில்லிமீட்டரும் மற்றவற்றில் சுழியமும் இருந்தால், கட்டத்தில் ஆறோ ஏழோதான் தெரியக்கூடும். 42 மில்லிமீட்டர் ஏர் பூட்ட வைக்கும் மழை; ஆறு மில்லிமீட்டர் மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும்.

இவ்வெண்களை அப்படியே மார்கோவ் சங்கிலியில் (இன்று மழை உண்டா இல்லையா என்பதைக் கொண்டு நாளைய மழை வாய்ப்பைக் கணிக்கும் முறையில்) இட்டால், வறண்ட நாளை அடுத்து மழை நாள் வரும் நிகழ்தகவு கூடி, மழை நாள்களின் அளவுகள் எப்படிப் பரவியுள்ளன என்று காட்டும் காமா பரவலில் கனமழையைக் குறிக்கும் வால் பகுதி சுருங்கிவிடும். 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றை மழை நாளாகக் கொள்ளாமல் விடுவது பாதி மருந்துதான். ஆகவே மொத்த அளவைக் கட்டத் தரவிலிருந்தும், மழை நாள்களின் இடைவெளியையும் தீவிரத்தையும் அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தின் மழைமானிப் பதிவேட்டிலிருந்தும் எடுத்துக்கொள்கிறேன். முப்பது ஆண்டுப் பதிவேடாவது கையில் இல்லாத வட்டாரத்துக்கு உழவு நாள் கணிப்பை நான் வெளியிடுவதில்லை.