போர்ன்மவுத் கைரோபிராக்டிக் பயிற்சி கிளினிக்: நோயாளிகளின் திருப்தி எதில் இருக்கிறது?

இங்கிலாந்தின் தென் கடற்கரையில், போர்ன்மவுத் நகரில் 1965-இல் தொடங்கிய கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் செய்யும் சிகிச்சை) கல்லூரி இன்று ஹெல்த் சயின்சஸ் யுனிவர்சிட்டி என்ற பெயரில் இயங்குகிறது. அதன் கிளினிக்கில் உங்கள் முதுகைப் பரிசோதித்து அழுத்துபவர் இறுதியாண்டு மாணவர். பதிவுபெற்ற கைரோபிராக்டர் ஒருவர் மேற்பார்வை பார்ப்பார். இதைத் தெரிந்துகொண்டு வருபவர்கள் நிறைவாகவே திரும்புகிறார்கள். கால் மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்ப நினைப்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது.

பயிற்சி கிளினிக் எதுவானாலும் முதல் நாளுக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். வலி காலுக்கு இறங்குகிறதா, இருமினால் கூடுகிறதா, தூக்கத்தில் எழுப்புகிறதா என்று கேள்விகள் நீளும். பிறகு இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். முழங்காலிலும் குதிகாலுக்கு மேலும் சிறு சுத்தியலால் தட்டுவார்கள். கால் பெருவிரலைத் தூக்கச் சொல்லித் தசை வலுவுக்கு 5-க்கு இத்தனை என்று எழுதுவார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்துவது முக்கியமான சோதனை. சுமார் 30 முதல் 70 பாகைக்குள் முழங்காலுக்குக் கீழே வலி பாய்ந்தால், நரம்பு வேர் (முதுகுத்தண்டிலிருந்து நரம்பு கிளம்பும் இடம்) உறுத்தப்படுகிறது என்று சந்தேகிப்பார்கள்.

இவ்வளவும் முடிந்ததும் மாணவர் வெளியே போவார். மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்து, அவர் வந்து முக்கியமான சோதனைகளை மறுபடி செய்து, ஒப்புதல் தரவேண்டும். நோயாளிகள் சலித்துக்கொள்வது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான். ஆனால் மாணவர் தவறவிட்டதை இன்னொரு கண் பிடிக்கும் இடமும் இதுவே. இதைச் சுருக்கும் கிளினிக்கை நம்பக் கூடாது. சில நேரம் முதல் நாளில் சிகிச்சையே நடக்காது. அதையும் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கல்லூரி உலகத்துக்குத் தந்த நல்ல கருவி ஒன்று உண்டு: போர்ன்மவுத் வினாத்தாள். முதுகு வலிக்கானது 1999-இலும் கழுத்து வலிக்கானது 2002-இலும் வெளிவந்தன. ஏழே கேள்விகள்: வலியின் அளவு, அன்றாட வேலைக்குத் தடை, வெளியே போய்ப் பழகத் தடை, பதற்றம், மனச்சோர்வு, வேலை வலியைக் கூட்டுகிறது என்ற எண்ணம், வலியைத் தானே சமாளிக்க முடிகிறதா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10, மொத்தம் 70. முதல் நாள் மொத்தத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் மறுபடி நிரப்பும்போது இரண்டு மூன்று புள்ளி மட்டும் இறங்கியிருந்தால் அது முன்னேற்றம் ஆகாது. பொறுமையாகக் கேட்டார்கள், புரியும்படி விளக்கினார்கள் என்பதற்காகவே மக்கள் திருப்திப் படிவத்தில் அள்ளி மதிப்பெண் போடுகிறார்கள். அந்தத் திருப்தி உண்மையானது. ஆனால் வலி குறைந்ததா என்பது வேறு கேள்வி. புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும் என்பதையும் மறக்கக் கூடாது.

அழுத்தும்போது விரலில் நெட்டி முறிப்பது போன்ற சத்தம் வரலாம். மூட்டுத் திரவத்தில் ஏற்படும் வாயுக் குமிழியோடு தொடர்புடையது அது. எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் அல்ல. சத்தம் வராவிட்டால் பலன் இல்லை என்பதும் தவறு. மாணவர் கை தயங்கினால் அதே இடத்தில் மறுபடி அழுத்த முயல்வார். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுநாள் இலேசான வலி இருப்பது சாதாரணம். ஓரிரு நாளில் போய்விடும்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி, இடுப்பு வலிக்குக் கைச்சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்தே தரச் சொல்கிறது. வீட்டில் செய்யப் பயிற்சி தராமல் அனுப்பினால், கேட்டு வாங்குங்கள்.

பயிற்சி கிளினிக்குகளின் பெரிய பலவீனம் மாணவர் மாற்றம். படிப்பு முடிந்ததும் உங்கள் உடம்பை அறிந்தவர் போய்விடுவார். புதியவர் பரிசோதனையை முதலிலிருந்து தொடங்குவார். எந்த முறை பலித்தது, எதில் வலி கூடியது என்று தேதியோடு நீங்களே ஒரு தாளில் வைத்திருந்தால் பாதி நேரம் மிச்சம்.

எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்), புற்றுநோய் வரலாறு, நீண்டகால ஸ்டீராய்டு, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ இந்த வாசலுக்கே வராமல், நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கழுத்தில் இதுவரை இல்லாத கடும் வலியோடு தலைசுற்றலோ பேச்சுக் குழறலோ வந்தாலும் அப்படியே.