இணைப்புச் சொற்களும் காற்புள்ளியும்: நெடுநாள் புழக்கத்தில் தெரிந்தவை

கட்டுரை எழுதுவதும் பிறர் கட்டுரைகளைத் திருத்துவதும் என் அன்றாட வேலை. பல ஆண்டுகளாக இணைப்புச் சொற்களோடு புழங்கியதில் சிலவற்றின்மேல் நம்பிக்கை கூடியிருக்கிறது. சிலவற்றை அநேகமாக விட்டேவிட்டேன். இன்றும் தயங்காமல் எடுப்பது ‘ஆனால்’. எடுக்கும் முன் இருமுறை யோசிப்பது ‘மேலும்’. இந்தச் சொற்களுக்குப் பின்னால் காற்புள்ளி வேண்டுமா, வேண்டாமா என்று கேட்பவர்கள் ஒரே வரியில் விடை எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஒரு விடை கிடையாது. சொல்லுக்குச் சொல் அது மாறுகிறது. ஏன் மாறுகிறது என்று பார்ப்பதில்தான் சுவை.

‘ஆனால்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். “அவர் கவிஞர் ஆனால் உரைநடையும் எழுதுவார்” என்று குறி எதுவும் இல்லாமல் எழுதிப் பாருங்கள். அவர் இனிமேல் கவிஞராகிவிட்டால் உரைநடையும் எழுதுவார் என்றும் படிக்கலாம். ஏற்கெனவே கவிஞராக இருப்பவர் உரைநடையும் எழுதக்கூடியவர் என்றும் படிக்கலாம். “அவர் கவிஞர்; ஆனால் உரைநடையும் எழுதுவார்” என்று ஓர் அரைப்புள்ளி விழுந்ததும் முதல் பொருள் விலகிவிடுகிறது. ஆக, இந்தச் சொல்லுக்கு முன்னால் வரும் குறியே முக்கியம். பின்னாலும் காற்புள்ளி இடச் சொல்லும் பள்ளிப் பயிற்சிகள் உண்டு. அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாய்விட்டுப் படித்தால் குரல் அங்கே நிற்பதில்லை, அடுத்த சொல்லை நோக்கி ஓடுகிறது. நடுவே ஒரு தொடரைச் செருகும்போது மட்டும் நான் இடுகிறேன். கைப்பேசி விசைப்பலகையில் அரைப்புள்ளி அடுத்த பக்கத்தில் ஒளிந்துகொண்டிருப்பதால் இப்போது பலர் அதை மறந்தே போனார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். முற்றுப்புள்ளி இட்டால் இரண்டு கருத்துகளும் பிரிந்துவிடுகின்றன, காற்புள்ளி இட்டால் குழம்பிவிடுகின்றன. அரைப்புள்ளி ஒன்றுதான் இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேச வைக்கிறது.

‘அதனால்’ என்ற சொல்லில் நிலைமை தலைகீழ். “கத்தி கூர்மையாக இருந்தது. அதனால் கயிற்றை அறுத்தான்.” கத்தியைக் கொண்டு அறுத்தானா, கத்தி கூர்மையாக இருந்த காரணத்தால் அறுக்கத் துணிந்தானா? கருவிப் பொருள் வேண்டுமென்றால் குறி தேவையில்லை. காரணப் பொருள் வேண்டுமென்றால் “அதனால், கயிற்றை அறுத்தான்” என்று நிறுத்தியாக வேண்டும். ‘முதலில்’ என்பதும் இப்படித்தான். “முதலில் பேசியவர் கேள்வியைத் தவிர்த்தார்” என்றால் பலர் பேசினார்கள், அவர்களில் முதலாமவர் நழுவினார் என்று பொருள். “முதலில், பேசியவர் கேள்வியைத் தவிர்த்தார்” என்றால் ஒரே ஒரு பேச்சாளர். அவர்மீது நான் அடுக்கப்போகும் குறைகளில் இது முதலாவது. “மேலும் மூன்று நூல்கள் வந்தன” என்பதில் ஏற்கெனவே சில நூல்கள் வந்திருக்கின்றன. “மேலும், மூன்று நூல்கள் வந்தன” என்பதில் அப்படி ஒரு கணக்கே இல்லை. இணைப்புச் சொல் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வேறு பொருள் தரக்கூடிய இடமா என்பதே என் கேள்வி. ஒட்டும் என்றால் காற்புள்ளி, ஒட்டாது என்றால் வேண்டாம்.

இதில் ஒற்றுச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. “பொதுவாகக் கட்டுரைகள் நீளமானவை” என்று எழுதும்போது க் மிகுகிறது. காற்புள்ளி இட்டால் “பொதுவாக, கட்டுரைகள் நீளமானவை” என்று ஒற்று விலகிவிட வேண்டும். ‘குறிப்பாக’, ‘எடுத்துக்காட்டாக’, ‘முதலாவதாக’ எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். ஒற்று என்பது இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்கிறோம் என்பதற்கு அடையாளம். காற்புள்ளி அந்த மூச்சை நிறுத்துகிறது. இரண்டையும் சேர்த்து “பொதுவாகக், கட்டுரைகள்” என்று எழுதியிருப்பதைத் திருத்த வரும் படிகளில் அடிக்கடி பார்க்கிறேன். காற்புள்ளியைப் பின்னால் செருகியவர் ஒற்றை எடுக்க மறந்துவிடுகிறார்.

இணைப்புச் சொல் நிறைய இருந்தால் கட்டுரை கோவையாக இருக்கும் என்ற எண்ணம் மாணவர்களிடம் வேரோடியிருக்கிறது. அந்த எண்ணத்தில் எழுதப்படும் பத்தி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“கைப்பேசி வந்த பிறகு வாசிப்பு குறைந்துவிட்டது என்கிறார்கள். ஆனால், முன்பைவிட அதிகமாக நாம் படிக்கிறோம். மேலும், அவற்றில் பெரும்பாலானவை துண்டுச் செய்திகள். எனவே, நீண்ட நூலைப் படிக்கும் பொறுமை குறைகிறது. இருப்பினும், வாசிப்பே குறைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.”

வாக்கியத்துக்கு ஒன்று என்று கணக்காக வைத்திருக்கிறார். ஆனாலும் பத்தி நகரவில்லை. ‘மேலும்’ இருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே புதிதாக எதுவும் சேரவில்லை, கருத்து திரும்புகிறது. திருப்பம் விழவேண்டிய இடத்தில் கூட்டல் குறி விழுந்திருக்கிறது. ‘ஆனால்’ என்ற சொல்லை முன்கூட்டியே செலவழித்துவிட்டதால், உண்மையில் அது தேவைப்படும் இடத்தில் கையில் எதுவும் இல்லை. இதை நான் இப்படி எழுதுவேன்:

“கைப்பேசி வந்த பிறகு வாசிப்பு குறைந்துவிட்டது என்கிறார்கள். உண்மையில் முன்பைவிட அதிகமாகவே படிக்கிறோம். ஆனால் படிப்பதில் பெரும்பகுதி துண்டுச் செய்தி. அதிலேயே பழகியவருக்கு நீண்ட நூலை எடுத்தால் பொறுமை நிற்பதில்லை. குறைந்திருப்பது அந்தப் பொறுமைதான்.”

இங்கே பத்தியைக் கட்டிப் பிடித்திருப்பவை ‘அதிலேயே’, ‘அந்த’ ஆகிய இரண்டு சுட்டுகள். தமிழில் சுட்டைப் போன்ற பசை வேறு இல்லை என்பது என் நெடுநாள் முடிவு. ஒரு பத்தியை முடித்து அடுத்ததைத் தொடங்கும்போது ‘மேலும்’ என்று தொடங்குவதைவிட “இந்தப் பொறுமையின்மை” என்று தொடங்கினால் வாசகர் தானாகவே கூட வருகிறார்.

தமிழ் இணைக்கும் முறையே வேறு. “மழை பெய்தது. இருப்பினும் ஆட்டம் நடந்தது” என்பதை “மழை பெய்தும் ஆட்டம் நடந்தது” என்று ஓர் உம்மையில் அடக்கிவிடலாம். “நேரமாகிவிட்டது. எனவே கூட்டத்தை முடித்தார்கள்” என்பது “நேரமாகிவிட்டதால் கூட்டத்தை முடித்தார்கள்” என்றாகிவிடும். தொல்காப்பியத்தின் இடையியல் உம்மை ஒன்றுக்கே எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என்று எட்டுப் பொருள் சொல்கிறது. ஓலைச்சுவடியில் காற்புள்ளியோ அரைப்புள்ளியோ கிடையாது. எங்கே முடிகிறது, எங்கே தொடர்கிறது என்பதைச் சொல்லின் ஈறுகளே காட்டின. அச்சு பரவிய 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றவர்கள் தங்கள் உரைநடையிலும் பதிப்புகளிலும் குறியீடுகளைக் கவனமாகக் கையாண்ட பிறகே அவை நமக்குப் பழக்கமாயின. ஈறு செய்யும் வேலையைத் தனிச்சொல்லிடம் கொடுக்கும்போது, அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். முந்தைய வாக்கியம் நீண்டுவிட்டது என்பது ஒரு காரணம். இரண்டாவது கருத்துக்குத் தனி அழுத்தம் வேண்டும் என்பது இன்னொன்று.

எண்ணி அடுக்கும்போதும் உம்மையையே நம்புகிறேன். “கதையும் கவிதையும் கட்டுரையும்” என்றால் காற்புள்ளி தேவையே இல்லை. “கதை, கவிதை, கட்டுரை ஆகியவை” என்றால் தேவை. ‘மற்றும்’ எனக்கு இரண்டிலும் வேண்டியிருப்பதில்லை.

‘எனினும்’, ‘ஆயினும்’, ‘இருப்பினும்’, ‘என்றாலும்’ நான்கிலும் பெரிய வேறுபாட்டை நான் கண்டதில்லை. காதுக்கு எது இசைகிறதோ அதை எடுக்கிறேன். ‘மாறாக’ அப்படியன்று. அதற்கு முன்னால் ஒரு மறுப்பு வேண்டும்: “அவர் எதிர்க்கவில்லை, மாறாக, ஆதரித்தார்.” மறுப்பு இல்லாத இடத்தில் அதைப் போட்டால் தொங்குகிறது. ‘ஏனெனில்’ என்று தொடங்கினால் அதே வாக்கியத்தை ‘என்பதே காரணம்’ என்று முடிக்க வேண்டாம். காரணத்தை ஒருமுறை சொன்னால் போதும். பட்டியலுக்கு முன்னால் ‘அதாவது’ எழுதுவதைவிட முக்காற்புள்ளி நன்றாக வேலை செய்கிறது: தெளிவு, சுருக்கம், ஒழுங்கு.

‘எனவே’, ‘ஆகவே’, ‘ஆகையால்’ மூன்றுக்கும் பின்னால் காற்புள்ளி இடுவதில் ஊருக்கு ஊர், பத்திரிகைக்குப் பத்திரிகை வழக்கம் மாறுகிறது. வாக்கியம் நீளமென்றால் இடுகிறேன், குறுகியதென்றால் விட்டுவிடுகிறேன். வெளியிடுபவர் வேறு வழக்கம் வைத்திருந்தால் அதற்கே மாற்றிக்கொடுக்கிறேன். ‘அதனால்’, ‘முதலில்’, ‘மேலும்’ மூன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. அங்கே காற்புள்ளியை எடுத்தால் நான் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகிவிடும்.