எஸ்டேட் தோட்ட மண்டபத்தில் ‘மண்டேலா’ படம் போடலாமா?

தாராளமாகப் போடலாம். மடோன் அஷ்வின் இயக்கிய படம் (2021). ஊராட்சித் தலைவர் தேர்தலில் ஊரின் இரண்டு சாதிக்கும் சரிசமமாக ஓட்டு. யோகி பாபுவின் ஒற்றை ஓட்டுதான் தலைவரை முடிவு செய்யும். அவரை இளிச்சவாயன் என்று ஏவியவர்கள், வாக்காளர் அட்டை வந்த கையோடு குழைகிறார்கள் பாருங்கள், அங்கேதான் சிரிப்பு. தேர்தலுக்குத் தேர்தல் ஒய்.பி.யின் (மக்கள் பிரதிநிதியின்) வருகையைப் பார்த்த மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இரவு எட்டுக்கு முன் ஆரம்பிக்காதீர்கள். ஏழரை வரை வெளிச்சம் திரையை வெளிறச் செய்யும். தகரக் கூரையில் மழை இறங்கினால் வசனம் காதில் விழாது. ஸ்பீக்கரைத் திரைக்கு இருபுறமும் காது உயரத்தில், கூட்டத்தை நோக்கி வையுங்கள். சுவரைப் பார்த்தால் எதிரொலிக்கும். படத்தின் பிற்பாதி கொஞ்சம் இழுவைதான். தேநீரை அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.