பின் ஆக்ஸில் சீல் கசிவு: சீலை மட்டும் மாற்றுவதா, பேரிங்கும் காலரும் சேர்த்தா?

போன கார்த்திகையில், காபிப் பழம் பறிப்பு மும்முரமாக நடந்த நேரம். நாகலூர் பக்கத்து எஸ்டேட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டிலிருந்து இறங்கி, அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். இடது பின் டயரின் உள்பக்கம் முழுக்க எண்ணெய். மலைச் செம்மண்ணோடு குழைந்து களிம்பு மாதிரி அப்பியிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தால் குப்பென்று கந்தக நாற்றம். கியர் ஆயில்தான். பிரேக் ஆயிலாக இருந்தால் இந்த நாற்றம் வராது, தண்ணீர் போல இருக்கும், பானெட்டுக்குள் இருக்கும் டப்பாவிலும் மட்டம் இறங்கியிருக்கும். முதலில் இதைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அது பிரேக்கில் இருக்கும் வீல் சிலிண்டர் வேலை, கதையே வேறு.

சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாஃப்டைச் சுற்றி, கியர் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். அது போனால் மூன்று வழிதான். குறைகிற ஆயிலை ஊற்றிக்கொண்டே ஓட்டுவது, சீலை மட்டும் மாற்றுவது, பேரிங்கும் (ஷாஃப்டைத் தாங்கிச் சுழலவிடும் வளையம்) காலரும் (பேரிங் நகராமல் ஷாஃப்டில் இறுக்கி ஏற்றிய இரும்பு வளையம்) சேர்த்து மாற்றுவது. முதல் வழியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கசிகிற ஆயில் நேராக பிரேக் டிரம்முக்குள் போகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய சாலையில் ஒரு பக்கம் பிரேக் பிடித்து மறுபக்கம் வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மற்ற இரண்டையும் நானே, ஒரே சக்கரத்தில், இரண்டரை மாத இடைவெளியில் செய்து பார்த்துவிட்டேன். நான் மூன்றாவது வழியின் பக்கம்தான்.

முதல் தடவை சேலத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். டிரம்மைக் கழற்றி, ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும் பிளேட்டின் நான்கு நட்டையும் அவிழ்த்து, ஷாஃப்டை இழுத்து, பழைய சீலை நெம்பி எடுத்துப் புதுசு தட்டினார்கள். அரை நாளில் வண்டி கைக்கு வந்தது. சீல் விலை இருநூறு ரூபாய்கூட இல்லை, கூலிதான் பெரிசு. தை பிறந்து கொஞ்ச நாளில் அதே டயரில் அதே களிம்பு. சீல் மட்டமான சரக்கு என்றுதான் முதலில் நினைத்தேன்.

இரண்டாவது தடவை போனது வேறொரு மெக்கானிக்கிடம், என்னைவிட வயதில் சின்னவர். ஷாஃப்டை வெளியே எடுத்துத் துணியால் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, நகத்தை வெச்சுக் குறுக்கால இழுத்துப் பாருங்க." இழுத்தேன். காலர் மேல், சீலின் உதடு உட்காரும் இடத்தில், சுற்றிலும் ஒரு வரி. கண்ணுக்கு வெறும் பளபளப்பான கோடு மாதிரிதான் தெரிந்தது, ஆனால் நகம் அதில் தட்டி நின்றது. பிறகு பேரிங்கைக் கையில் பிடித்து மெல்லச் சுற்றச் சொன்னார். மணல் அரைபடுகிற மாதிரி கையில் உணர முடிந்தது.

நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். சீல் என்பது ஒரு ரப்பர் உதடு, அதைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் உதட்டை, சுழலும் இரும்பின் மேல் லேசாக அழுத்திப் பிடித்திருப்பதால்தான் ஆயில் உள்ளே நிற்கிறது. இரும்பில் வரி விழுந்துவிட்டால் புது உதடும் அதே பள்ளத்தில் போய் உட்காரும். அழுத்தம் போதாது, பள்ளத்தின் விளிம்பு ரப்பரையும் தின்னும். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் இன்னும் மோசம். ஷாஃப்ட் நடுவில் நின்று சுற்றாமல் ஒதுங்கிச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் உதடு ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் விலகும். விலகுகிற பக்கம் வழியாக ஆயில் வரும். எங்கள் வண்டி மாதிரி ஏறி இறங்குகிற வண்டிக்கு ஒரு நாளைக்கு நாற்பது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் லோடு ஒரு பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. அந்த இடியை வாங்குவது இந்தப் பேரிங்தான். அதை அப்படியே விட்டுவிட்டு சீலை மட்டும் மாற்றினால் மறுபடி பிரிப்பது உறுதி.

என் வண்டியில் சீல் உதடு காலர் மேலேயே ஓடுகிறது. அதனால் பேரிங்கும் காலரும் மாற்றியதில் ஆட்டமும் போனது, வரி விழுந்த இரும்பும் போனது. உதடு நேராக ஷாஃப்ட் மேல் ஓடும் வண்டிகளும் உண்டு. அவற்றில் வரி விழுந்தால் ஷாஃப்டையே மாற்ற வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் ஸ்லீவ் என்கிற மெல்லிய ஸ்டீல் உறையை ஏற்ற வேண்டும். ஸ்லீவ் நான் போட்டுப் பார்த்ததில்லை.

செலவு கூடத்தான். பேரிங், காலர், சீல், அவற்றை மெஷினில் அழுத்தி ஏற்றும் பிரஸ் கூலி எல்லாம் சேர்த்து முதல் தடவை கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆனது. ஆனால் பிரித்து மாட்டுகிற கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். அதை நான் இரண்டு தடவை கொடுத்தேன், நடு சீசனில் ஒன்றரை நாள் ஓட்டமும் போனது.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய காலரைக் கிரைண்டரில் முக்கால் ஆழம் அறுத்து, உளி வைத்து ஒரே அடியில் பிளக்க வேண்டும், கல் ஷாஃப்டில் படவே கூடாது. புதுசை ஏற்றும் முன் பிளேட்டை ஷாஃப்டில் கோர்த்தாகிவிட்டதா என்று பாருங்கள். மறந்துவிட்டால் புதுக் காலரை வெட்டித்தான் எடுக்க வேண்டும். பேரிங்கை முதலில் பிரஸ்ஸில் இறக்கி, அப்புறம் காலரைத் தனியாக இறக்குவதுதான் முறை. கழற்றிய பழைய காலரைத் திரும்பப் போட விடாதீர்கள். காலர் நிற்பது இறுக்கத்தில் மட்டும்தான், அது நழுவினால் ஷாஃப்ட் சக்கரத்தோடு வெளியே வந்துவிடும். சில இடங்களில் பிடிமானத்துக்கு என்று காலரில் ஒரு பொட்டு வெல்டிங் வைப்பார்கள். கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தச் சூட்டில் ஷாஃப்டின் பதம் போய், வெல்டிங் பட்ட இடத்திலேயே முறியலாம்.

இன்னொன்று, ஆக்ஸிலை மூடியிருக்கும் இரும்புக் கூட்டின் (ஹவுசிங்) மேல் இருக்கும் பிரீதர், அதாவது காற்று போகும் துவாரம். என் வண்டியில் அது செம்மண் அடைத்துக் கல்லாகிக் கிடந்தது. ஆயில் சூடேறும்போது உள்ளே காற்று விரியும், பிரீதர் அடைத்திருந்தால் அது சீல் வழியாகத்தான் ஆயிலைத் தள்ளிக்கொண்டு வரும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதைச் சுத்தம் செய்யாமல் விடாதீர்கள். ஆயிலைச் சமதரையில் நிறுத்தி ஃபில்லர் துவாரத்தின் விளிம்பு வரை ஊற்றினால் போதும்.

ஆயில் குடித்த பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடலாம் என்பார்கள். சூடேறினால் உள்ளே ஊறிய எண்ணெய் திரும்ப வெளியே வரும். இரண்டு பக்கமும் புது லைனிங் போட்டேன்.

சீலை மட்டும் மாற்றினால் போதும் என்கிற நிலைமையும் இருக்கிறது. வண்டி ரொம்ப நாள் நின்று ரப்பர் காய்ந்திருக்கலாம், பேரிங் சமீபத்தில்தான் மாற்றியிருக்கலாம். ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இல்லை, சுற்றினால் சத்தமில்லை, காலரில் நகமும் தட்டவில்லை என்றால் தாராளமாக சீல் மட்டும் போடலாம். நான் சொல்வது பேரிங் ஷாஃப்டிலேயே ஏறியிருக்கும் வண்டிக்குத்தான். சக்கரத்தைக் கழற்றாமலே ஷாஃப்டை உருவக்கூடிய பெரிய வண்டிகளில் பேரிங் ஹப்பில் இருக்கும். அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன், செய்ததில்லை.

மாற்றியபின் என் வண்டி ஓடியிருப்பது பதினோராயிரம் கிலோமீட்டர். ஐந்து வருடம் தாங்குமா என்று இப்போதே சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது பேக் பிளேட்டின் அடி விளிம்பில் விரல் வைத்துப் பார்க்கிறேன், இதுவரை உலர்ந்துதான் இருக்கிறது. வலது பக்கம் இன்னும் பழைய பேரிங்தான். கசிவு இல்லை, ஆனால் கையில் லேசாக ஆட்டம் தெரிகிறது. அடுத்த பறிப்பு தொடங்குவதற்குள் அதையும் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.