28 நிமிடத்தில் முடிந்த ரமோன்ஸ்: யூஎஸ்பி கசெற் பிளேயருடன் மூன்று வருடம்

மட்டக்களப்பு நண்பன் போன கிழமை கேட்டான்: "மச்சான், உன்னட்ட இருக்கிற கசெற் பிளேயர் எப்பிடி? வாங்கலாமா?" ஓம் என்று தட்டினேன், அழித்தேன். வேண்டாம் என்று தட்டினேன், அதையும் அழித்தேன்.

சாமான் உங்களுக்குத் தெரியும். வோக்மன் மாதிரி இருக்கும், கணினியில் செருகினால் பாட்டு எம்பி3 ஆக இறங்கும். நான் வாங்கியது சித்தப்பாவின் கசெற்றுகளுக்காக. 83க்குப் பிறகு லண்டன் போனவர். 2002 சமாதான காலத்தில் திருகோணமலைக்கு வந்தபோது ஒரு சூட்கேஸ் நிறையக் கொண்டுவந்து, எங்கள் டச்சுக்குடா வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போனார். எல்லாம் பங்க், கத்திக்கொண்டு வேகமாக வாசிக்கிற றொக் இசை. கோணேசர் கோயில் மணி கேட்கிற வீட்டில் டெட் கென்னடீஸ். அம்மா இன்றுவரை அதை "சண்டைப் பாட்டு" என்றுதான் சொல்வார்.

என் பிரச்சினை ஒன்றுதான்: வேகம். கசெற் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். என்னுடையது 3 வீதம் கூடுதலாக ஓடியது. பி. சுசீலாவைப் போட்டிருந்தால் முதல் வரியிலேயே பிடித்திருப்பேன். பங்கில் எப்படிப் பிடிப்பது? ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் 1976 முதல் அல்பம் 14 பாட்டு, 29 நிமிடம். சி-60 கசெற்றின் ஒரு பக்கத்தில் அப்படியே அடங்கும். என்னிடம் 28இல் முடிந்தது. சித்தப்பா கடைசியில் வெட்டிவிட்டார் என்று அவரைத்தான் திட்டினேன்.

அப்புறம் ஒரு பதிவை இணையத்தில் எங்கள் பங்க் கூட்டத்தோடு பகிர்ந்தேன். கடையில் இன்றைக்கும் விற்கிற அல்பங்களை நான் பகிர்வதில்லை, அது வேறு கதை. இது பிபிசி ரேடியோ 1இல் ஜோன் பீல் இரவில் நடத்திய நிகழ்ச்சி. கிளாஸ்கோக்காரர் ஒருவர் கேட்டுவிட்டு, சுருதி அரை செமிரோன் கூட இருக்கிறதே, இது வேறு பதிவோ என்றார். மூன்று நாள் விவாதம். அதில் வாசித்த இசைக்குழு மேடையில் வேகமாகத்தான் வாசிக்கும் என்று ஒருவர் நீளமாக எழுதினார். எனக்குக் காரணம் தெரியும். மூன்று நாளும் வாயே திறக்கவில்லை.

கணினியில் திருத்தலாமே என்பீர்கள். வேகம் ஒரே அளவாகக் கூடியிருந்தால் திருத்தலாம். இது பக்கம் தொடங்கும்போது ஒன்று, முடியும்போது இன்னொன்று.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் றேடியோ திருத்தும் நானாவிடம் கொண்டுபோனேன். மோட்டரின் முதுகில் ஒரு சின்ன ஓட்டை, உள்ளே ஒரு திருகாணி. மணிக்கூடு திருத்துகிற ஸ்குறூடிரைவரை விட்டார். அளக்கக் கருவி ஒன்றும் இல்லை. தன் மேசை லாச்சியிலிருந்து நாகூர் ஹனிபா கசெற் ஒன்றை எடுத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மயிரிழை மயிரிழையாகத் திருகினார். "இவர்ட குரல் எனக்கு மனப்பாடம் தம்பி. இவர் சரியா வந்தா ஒங்கட கத்தலும் சரியா வரும்." வந்தது. ரமோன்ஸ் 29 நிமிடம். கசெற்றையும் என்னிடமே தந்துவிட்டார், வேகம் மாறினால் போட்டுப் பார்க்கச் சொல்லி.

இரண்டு மாதம்தான். பிறகு ஹனிபா கொட்டாவி விடத் தொடங்கினார். திறந்தால் றப்பர் பெல்ற் தார் மாதிரி உருகி, விரலில் ஒட்டி, மூன்று நாள் போகவில்லை. ஜன்னல் கம்பியையே தின்கிற கடற்காற்று இங்கே, அதற்குக் கம்பனியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றுப் பெல்ற் ஒன்றுகூடப் பெட்டியில் வைக்காததற்குச் சொல்வேன்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று நடந்தது. டெட் கென்னடீஸ் 1981இல் விட்ட ஒரு கசெற்றில் ஒரு பக்கம் வெறுமை. வீட்டில் பதிவதால் தங்கள் வருமானம் அழிகிறது என்று இசைக் கம்பனிகள் அழுததைக் கிண்டலடித்து, நீங்களே பதிந்துகொள்ளுங்கள் என்று விட்ட பக்கம். சித்தப்பா சொன்னபடி செய்திருக்கிறார்: றேடியோவுக்கு முன்னால் றெக்கோடரை வைத்து பீலைப் பதிந்திருக்கிறார். பீல் பேசும்போது நிறுத்துவது அவர் வழக்கம். அன்றைக்குத் தவறிவிட்டது. பீலின் அந்தத் தூக்கக் குரல், அதற்கு மேலே அறைக்குள்ளிருந்து யாரோ, "டேய், சோறு அடிப்பிடிக்குது!"

2004இல் பீல் இறந்தபிறகு இப்படி வீட்டில் பதிந்த நாடாக்களைத் தேடித் தேடிச் சேர்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்த 40 செக்கனையும் பகிர்ந்தேன். அதற்கு வந்த அளவு கடிதங்கள் வேறெதற்கும் வரவில்லை. அது எந்த மொழி, எந்த இசைக்குழு என்று ஒருவர் கேட்டிருந்தார்.

சரி, நண்பனுக்குப் பதில்: வாங்காதே. காசுக்குப் பெறுமதி இல்லை.

நான் இரண்டாவது ஒன்றுக்கு நேற்று ஓடர் போட்டுவிட்டேன், விலை குறைந்திருந்தது. வந்ததும் முதலில் ஹனிபாவைப் போட வேண்டும்.