எழுதுகோலா, அச்சுக்கட்டையா?

உடுத்தும் துணியில் ஓவியம் தீட்டுவதையே பிழைப்பாகக் கொள்ள நினைப்பவருக்கு, ஆந்திரத்துத் துணி ஓவியக் கலையான கலம்காரி இரண்டு வழி காட்டுகிறது.

காளஹஸ்தியில் கையால் எழுதுகிறார்கள். கூராகச் சீவிய மூங்கில் குச்சியில் கம்பளி சுற்றியிருக்கும். அதைச் சாயத்தில் நனைத்து, விரலால் மெல்ல அழுத்தினால் கோடு இறங்கும். கறுப்புக்கு, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பல நாள் ஊறப்போட்டு எடுத்த நீர். கடுக்காயும் எருமைப்பாலும் ஏறிய துணியில் பட்டதும் அது கறுத்துவிடுகிறது. பாலின் கொழுப்பு சாயத்தைப் பரவ விடாது. தவறிய கோட்டை அழிப்பது பெரும்பாடு. நுணுக்கமான ஒரு சேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கையில் காசு வராது.

மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் தேக்குக் கட்டையால் அச்சிடுகிறார்கள், நிறத்துக்கு ஒரு கட்டை. வேகம் அதிகம். ஆனால் கட்டை செதுக்குபவர், துவைப்பவர் என்று பலரை நம்பிய தொழில். மலிவான ஸ்கிரீன் பிரிண்ட் நகல்களோடும் போட்டியிட வேண்டும்.

என் மனம் எழுதுகோல் பக்கம்தான். ஒரே முகத்தை இருமுறை எழுதினாலும் கண் வேறாகத்தான் அமையும்; அந்தத் துணிக்கு இரட்டை கிடையாது. மாதாமாதம் வாடகை கட்ட வேண்டியவருக்கு மட்டும், முதல் சில ஆண்டுகள் கட்டையைப் பிடிக்கச் சொல்வேன்.